அகெயோவைப் பற்றி நான் சொன்னது

பள்ளி விடுதி, கிசுமு
மார்ச் 4

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே ஊருக்குப் போன அகெயோவுக்கு,

கெரூபோ எழுதுவது. உன் கட்டிலில் இப்போது என் ஈரத்துணிகள் படுத்துத் தூங்குகின்றன. சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைக்கிற கிதேரியில் இப்போது சோளம் மட்டும்தான். "பீன்ஸ் எங்கேக்கா?" என்று சமையல்காரம்மாவைக் கேட்டேன். "லீவுல போயிருக்கு, நீயும் போறியா?" என்றாள்.

சேதிக்கு வருகிறேன். உன் டாக்டர் நெகேசா நேற்று வந்திருந்தார். பதினாறு வயசிலேயே ஆளுமைக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்கிறாராமே. நீ சொல்வது மட்டும் போதாதாம், கூடவே இருந்தவளையும் கேட்கணுமாம். நீ என் பெயரைக் கொடுத்திருக்கிறாய்.

"திடீர்னு கோபம் வருமா?"

"கிதேரியைப் பாத்தா எனக்கும் வரும், டாக்டர்."

"தனியா விட்டுடுவாங்கன்னு பயப்படுவாளா?"

"கணக்கு டீச்சர்கூடத் தனியா விட்டா யாருதான் பயப்பட மாட்டாங்க?"

அவரே சிரித்துவிட்டார். உன்னைப் பைத்தியம் என்று எழுத விடுவேனா? நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்தாயிற்று. பதிலுக்கு வறுத்த ஒமேனா மீன் ஒரு பொட்டலம் அனுப்பு.

உன் வாலு,
கெரூபோ

ஹோமா பே
மார்ச் 15

கெரூபோ,

மீன் அம்மா கொடுத்தனுப்பியது.

ஆய்விலிருந்து பதில் வந்துவிட்டது. பருவ வயதுத் தடுமாற்றமாம், பதினெட்டு ஆனபிறகு பார்க்கலாமாம். கோளாறு உண்டு என்று உறுதியானவர்களுக்குத்தான் ஒரு வருஷம் வாராவாரம் சிகிச்சை. எனக்கு இடமில்லை. அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக் கோழி அடித்தாள். மாமா, "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் திமிரு" என்றார்.

எனக்கு அந்தக் கோளாறுங்கிற பேர் வேணும்டி. அது இருந்தால்தான் திமிர் இல்லை என்று ஆகும். நீ என்னை விட்டுவிட்டு நம் வகுப்பு மும்பிகூடச் சாப்பிட உட்கார்ந்தாயே, அன்றைக்கு நான் கீறிக்கொண்ட கையில் ரத்தம் நிற்கக் கட்டியது உன் டைதானே? அதையும் ஒரு ஜோக்காகச் சொல்லியிருக்கலாம்.

இன்னும் இரண்டு வருஷம் தாங்குவேனா, தெரியவில்லை.

அகெயோ

கிசுமு
மார்ச் 22

அன்புள்ள அகெயோ,

இதில் ஜோக் இல்லை, தேடாதே.

யார் கேட்டாலும் தோழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதுதானே நம் விடுதிச் சட்டம். டாக்டரையும் வார்டன் மாதிரி நினைத்துவிட்டேன். தலைமையாசிரியை அறையிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்மா" என்றார். ஆறு பக்கம் எழுதினேன். டை, மழையில் நீ வீசிய என் பெட்டி, நீ பேசாத பதினொரு நாள், எதையும் குறைக்கவில்லை. நீ கேட்டால் உனக்கும் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அதுவரை தாங்கிக்கொள். தயவுசெய்து.

கெரூபோ

ஹோமா பே
மே 10

அன்புள்ள கெரூபோ,

இடம் கிடைத்துவிட்டது. செவ்வாய்தோறும் போகிறேன். டாக்டர் என் கோளாறின் பெயரைச் சொன்னபோது அம்மா அழுதாள். நான் அழவில்லை. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீ எழுதியதைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நாலாம் பக்கத்தில், "அவள் முகம் மாறினாலே எனக்குப் பயம் வந்துவிடும். உடனே ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். அவள் சிரித்துவிட்டால் அன்றைக்குத் தப்பித்தேன்" என்று இருக்கிறது.

என்கூட இருக்கப் பிடித்துத்தான் நீ என்னைச் சிரிக்கவைக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

நீ பொய் எழுதவில்லை. எழுதியதால்தான் எனக்குச் சிகிச்சை. ஆனால் எந்த ஜோக் எனக்காகச் சொன்னது, எந்த ஜோக் பயந்து சொன்னது என்று தினமும் பிரித்துப் பார்க்கிறேன். முடியவில்லை.

அடுத்த பருவத்திலிருந்து எனக்கு இங்கேயே பள்ளிக்கூடம். இனிமேல் எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. என் கோபம் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே.

அகெயோ