செத்த பிறகு நீ தெரிவு செய்த கோச்

மச்சான்,

இன்று காலை கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியதும் ஒரு மணம் வந்து மூக்கில் அடித்தது. முன் ஆசனத்தில் இருந்த முதியவர் முழங்காலுக்கு விண்டர்கிரீன் எண்ணெய் பூசியிருந்தார். மற்றவர்களுக்கு அது மூட்டுவலி மணம். எனக்கு அது நீ. உடுப்பு மாற்றும் அறை, ஈரச் சப்பாத்து, உன் கத்தல் எல்லாம் சேர்ந்து பஸ்ஸுக்குள் ஏறிவிட்டன. மைதானத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே இறங்கி, வெயிலில் நடந்து போனேன். செத்தும் என்னை நடக்க வைக்கிறாய். உயிரோடு இருந்தபோது வைத்தது போதாது உனக்கு.

உன் புகழ் பாட இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கத்தின் மலரில் உன்னை 'மைதானத்தின் தந்தை' என்று போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். நீ தந்தையா? பெனல்டியைத் தவறவிட்ட பிள்ளையின் கழுத்தில் அணி முழுவதினதும் சப்பாத்துகளைத் தொங்கவிட்டு, ஜெம்பட்டா வீதி நெடுக நடக்க வைத்தவன் நீ. "அழுறவனுக்கு ஜெர்சி இல்ல" என்று சொல்லி, அழுத பிள்ளையின் ஜெர்சியை எல்லோர் முன்னாலும் கழற்ற வைத்தவன் நீ. மலரில் அதெல்லாம் இல்லை. படம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. அதில் நீ சிரிக்கிறாய், யார் சிரிக்க வைத்தார்களோ தெரியாது.

நம் கல்லூரியின் வழக்கம் ஒன்று உண்டு. கோல் அடித்தவன்தான் பின்னாளில் ஃபுட்போல் அணியின் தலைமைப் பயிற்றுநர் ஆவான். பந்தை மறித்தவன் அவனுக்கு உதவியாள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மைதானக் கட்டடத்தின் சுவரில் தொங்கும் பழைய பயிற்றுநர்களின் படங்களில் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவன்கூட இல்லை. நீ முன்வரிசை, நான் பின்வரிசை. மீசை முளைக்காத வயதில் அப்படி நின்றோம், தலை நரைத்த பிறகும் அப்படியே நின்றோம். நீ விசில் ஊதினாய், நான் தரையில் கூம்புகளை அடுக்கினேன். நீ பிள்ளைகளைத் திட்டினாய், நான் பின்னால் போய்த் தண்ணீர் கொடுத்தேன். தோற்ற நாட்களில் அவர்களைச் சந்தி பேக்கரிக்குக் கூட்டிப் போய் இனிப்புப் பணிஸும் பால் விடாத பிளேன்டியும் வாங்கிக் கொடுத்தேன். கடைசி வருடங்களில் நாம் தோற்ற தோல்விக்கு, அந்த பேக்கரிக்காரன் உனக்குச் சிலை வைத்திருக்க வேண்டும். கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். அங்கேயும் தோற்றோம். உன் குரல் மட்டும் இறங்கவில்லை.

பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். பயிற்சியை நான் தனியாக நடத்திவிட்டு மாலையில் ஆஸ்பத்திரிக்கு வருவேன். ஆட்டத்தின் முடிவைச் சொன்னால் நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று இப்போது சொல்கிறேன், கேள். உனக்குப் பிறகு நான்தான் என்று நினைத்தேன். ஒரே ஒரு பருவத்துக்காவது அந்த அணி என் கையில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் வேறு எதையும் அப்படி விரும்பியதில்லை, கலியாணத்தைக்கூட. என் மனைவிக்கு அது தெரியும்.

நம் சங்கத்துக்காரரைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டம் என்றால் வெறுங் கதிரைகள்தான் வந்திருக்கும். செத்த வீட்டுக்கு மட்டும் எல்லோரும் வருவார்கள். அதனால் பெரிய தீர்மானங்களெல்லாம் யாராவது ஒருவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில்தான் எடுக்கப்படும். "எவனாவது செத்தாத்தான் இவனுகளுக்கு மூளை வேலை செய்யும்" என்று நீ சொல்லிச் சிரிப்பாய். இந்தத் தடவை அந்த எவனாவது நீ. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, உன் வீட்டு ஒழுங்கையில் போட்ட பந்தலின் கீழ், உன் மனைவி சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, உன் இடத்துக்கு ஆள் தேடினோம். மாலை போட்ட உன் படம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவர் பிரான்சிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"அந்தோனி அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் குடுக்கணும்னு நாங்க இருந்தோம். ஆனா ஆஸ்பத்திரியில வச்சு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். தெளிவாச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னான்?"

பிரான்சிஸ் தயங்கினார். ஆனால் பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உன்னைப் போலவே தாடையை நீட்டிக்கொண்டு சொன்னார்: "'யாருக்கு வேணும்னாலும் குடுங்க, அந்தோனிக்கு மட்டும் குடுத்துடாதீங்க. தோத்த பிள்ளைகளுக்கு பணிஸ் வாங்கிக் குடுக்குறவன் அவன். அவன்கிட்ட டீமைக் குடுத்தா பேக்கரிதான் வெல்லும்.'"

பந்தலே சிரித்தது, மச்சான். கல்லூரி ரெக்டர் பாதர்கூடச் சிரித்துவிட்டு, பிறகு வாயைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டார். உன் மனைவி ரீட்டா இறைச்சிச் சட்டியோடு என் பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் கோப்பையில் சோற்றுக்கு மேல் இரண்டு துண்டு வைத்தாள். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, சாப்பிட்டேன். இறைச்சி நன்றாகத்தான் இருந்தது.

கை கழுவும் இடத்தில் பிரான்சிஸ் மறுபடி வந்தார். "விண்ணப்பம் போட்ட ஆக்களை நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துல பிறக்காத குறைதான். அவரு இருந்தா யாரை எடுப்பாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியுமாம். எனக்கு மேலே உட்கார ஆளை நானே பிடித்துத் தர வேண்டுமாம், அதுவும் உன் மனதறிந்து. சரி என்றேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் உன் செல்லப்பிள்ளை, நீ வளர்த்த முன்வரிசைக்காரன். உன்னைப் போலவே நடப்பான், உன்னைப் போலவே கத்துவான். மற்றவன் வெள்ளவத்தைக் கஜன். உனக்கு நினைவிருக்கும். இறுதிப் போட்டியில் காலுக்கிடையால் பந்தை விட்ட நம் கோல்காப்பாளன். ஆட்டம் முடிந்ததும் அவன் கையுறைகளைப் பிடுங்கி மதிலுக்கு மேலால் ஓடைக்குள் எறிந்தாய். "இனி இந்தப் புல்லை மிதிச்சா காலை முறிப்பேன்" என்றாய். அவன் தாய் வந்து வாசலில் நின்றாள், நீ பார்க்கவில்லை. பையன் வேறு பள்ளிக்கூடம் போய், வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறான்.

ஆளுக்கொரு மாலை மைதானத்தைக் கொடுத்தோம். உன் செல்லப்பிள்ளை பிள்ளைகளை ஓட விட்டுக் கத்தினான். கஜன் முன்வரிசைக்காரர்களைப் பின்னுக்கும் பின்வரிசைக்காரர்களை முன்னுக்கும் மாற்றி நிற்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அவனுக்கு வேலை தெரியுமா என்று நான் யோசிக்கவே இல்லை. அவன் அந்தப் புல்லில் நிற்பதைப் பார்த்தால் நீ எப்படித் துடிப்பாய் என்று மட்டும் யோசித்தேன்.

மைதானக் கட்டடத்தில் செயற்குழு உட்கார்ந்து என் வாயைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"உங்க யாருக்கும் தெரியாது. கடைசி நாட்கள்ல அவன் கஜனை நினைச்சு அழுதான். 'கையுறையை எறிஞ்சது தப்பு அந்தோனி, அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வா, அவன் கையில குடு'ன்னு என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னான்."

பிரான்சிஸ் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ரெக்டர் பாதர் "மரண வேளையில் மனிதன் உண்மை பேசுவான்" என்றார். ஏகமனதாக நிறைவேறியது. யாரைப் புல்லை மிதிக்க விடமாட்டேன் என்றாயோ, அவனை உன் வாயாலேயே கூப்பிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, மாதம்பிட்டியில் உன் குழிக்குள் நீ புரண்டு புரண்டு படுப்பதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே வந்த பெண் ஒருத்தி தெருவின் மறுபக்கம் மாறிப் போனாள்.

ஆனால் நீ அதிர்ஷ்டக்காரன். எப்போதும் அப்படித்தான். பந்து கம்பத்தில் பட்டாலும் உனக்கு உள்ளேதான் விழும்.

கஜன் வந்த முதல் வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சேர், பின்வரிசைப் பெடியளை நீங்களே பாருங்கோ. உங்களை விட்டா ஆள் இல்லை. ஒண்டு மட்டும். தோத்தாப் பிறகு அவங்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறதை நிப்பாட்டுங்கோ."

"பசியோட போற பிள்ளைகள் தம்பி."

"பசிக்கட்டும் சேர். தோல்வி அவங்களுக்கு இனிப்பாப் போச்சு."

கத்தவில்லை, திட்டவில்லை. நீ நஞ்சு தடவிச் சொன்னதை அவன் மரியாதையாகச் சொன்னான். முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் வீதியைப் பார்த்தேன். பேக்கரியைக் கடந்து போனோம். மூன்றாவது ஆட்டத்தில் கடைசி விசில் வரைக்கும் பற்களைக் கடித்துக்கொண்டு ஓடினார்கள். வென்றோம். நீ சொன்னது சரி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சரி. அணியை என்னிடம் தந்திருந்தால் இன்னும் தோற்றுக்கொண்டே இருப்போம், இன்னும் நான் பிள்ளைகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் வென்ற அன்று பிரான்சிஸ் ஒலிவாங்கியைப் பிடித்து என்ன சொன்னார் தெரியுமா? "இந்தக் கோச்சை எங்களுக்குத் தெரிவு செஞ்சு தந்துட்டுப் போனவரு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்!" மைதானம் முழுக்க எழுந்து நின்று உனக்குக் கை தட்டியது. உன்னைக் குத்த நான் சொன்ன பொய்யில் உனக்கு மாலை விழுந்தது. கஜன் கண் கலங்கி நின்றான். நீ தன்னை மன்னித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறான். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. அதனால் நானும் கை தட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ரீட்டா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மெலிந்துவிட்டாள். கையில் செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு பிரான்சிஸ் சொன்னது முழுசா இல்ல. நான் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தேன். அதுக்குப் பிறகு அவரு அழுதாரு. 'அந்தோனிக்கு இளகின மனசு ரீட்டா, தோல்வியை அவனால தாங்க ஏலாது, அவனைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்'ன்னாரு. என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னாரு."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை, கடைசி நாட்கள், கையைப் பிடித்தது. நான் செயற்குழுவுக்குக் கட்டிக் கொடுத்த அதே சாமான்கள். இவளும் அதே கடையில்தான் வாங்கியிருக்கிறாள். உன்னைப் பெற்றவளை மண்ணில் இறக்கும்போதுகூட நீ அழவில்லை. எனக்குக் கணுக்கால் முறிந்து தரையில் கிடந்தபோது, "எழும்படா, நேரம் போகுது" என்று கத்தியவன் நீ. என்னை நினைத்து நீ அழுதாயாம். பாவம், உன்னோடு இவ்வளவு காலம் குடித்தனம் நடத்திவிட்டு, எனக்காக ஒரு நல்ல மனிதனைச் செய்துகொண்டு வந்து நிற்கிறாள்.

"ஓம் ரீட்டா," என்றேன். "அவன் அப்படித்தான். வெளியில காட்டமாட்டான்."

அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். பிரான்சிஸ் சொன்னதும் பொய்யாக இருக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க மனதை ஏமாற்றிப் பார்த்தேன். முடியவில்லை. அப்படியொரு பேக்கரிப் பகிடி பிரான்சிஸுக்கு ஏழு பிறவிக்கும் வராது. அது நீதான். உன் மூச்சுத்தான். ரீட்டா செய்தவனை ரீட்டா வைத்துக்கொள்ளட்டும், நான் செய்தவனைச் சங்கமும் கஜனும் வைத்துக்கொள்ளட்டும். நீ உன் வாயால் சொன்னது அந்த ஒன்றுதான், அது எனக்கு வந்திருக்கிறது. நெஞ்சுக்குள் முள்ளாய்க் கிடக்கிறது, இருமினாலும் குத்துகிறது. பிடுங்கிப் போட மனம் வரவில்லை, மச்சான். அதையும் பிடுங்கிவிட்டால் உண்மையான உன்னைத் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

அந்தோனி