அம்மா நடக்கிற அளவு

பிப்ரவரி 3, சனி. மாலை 4.35.

அம்மா விழுந்தது: ஆறு வாரத்தில் மூன்று முறை.

மூன்றும் குளியலறை வாசலில். மூன்று முறையும் நான் பக்கத்திலேயே இருந்தேன், அதுதான் எரிச்சல். பார்க்கின்சன் என்று தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. கை நடுக்கத்தை எப்படியோ சமாளித்துவிட்டாள். இப்போது வாசல் வந்தாலே கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

அக்கா போனில்: "இன்னொரு தடவை விழுந்தா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். லிஃப்டைத் திட்டுற மாதிரியே அம்மாவையும் திட்டுற நீ."

லிஃப்ட் ரிப்பேர் செய்பவன் வேறு எப்படிப் பேசுவானாம்?

அம்மா அசைவதாக இல்லை. "அவ வீட்ல உக்காரு உக்காருன்னே என்னைக் கொன்னுடுவா. இது என் வீடு. இங்கதான் இருப்பேன்."

ஃபிசியோ நிலையத்தில் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சேர்த்து நான்கு சனிக்கிழமை பயிற்சி வகுப்பாம். பெயர் கொடுத்துவிட்டேன். இதை ஒரு கை பார்க்காமல் விடப்போவதில்லை.

பிப்ரவரி 10, சனி

முதல் வகுப்பு. வீட்டார் பதினொரு பேர். ஃபிசியோ எங்கள் எல்லோருக்கும் தடித்த கையுறை மாட்டிவிட்டு, சட்டைப் பட்டன் போடச் சொன்னார். நோயாளிகள் பக்கத்தில் நின்று எங்களை அவசரப்படுத்த வேண்டும். அம்மாவுக்குக் கொண்டாட்டம்.

"என்னடா, இன்னும் ரெண்டாவது பட்டன்லயே நிக்கிற? நேரமாச்சு! குடு, நானே போட்டுவிடுறேன்."

இந்த நோயில் முகம் லேசில் சிரிக்காது. கண் மட்டும் சிரித்தது.

ஐந்து பட்டன், நான்கு நிமிடம் பத்து வினாடி. "குடு, நானே" — அது தினமும் காலையில் நான் சொல்வது. அச்சு அசலாக.

பிறகு பாடம். கால் உறைந்து நின்றால் இழுக்கக் கூடாது. இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. அந்த மூன்று முறையும் இழுத்தது யார்? நான்தான். தரையில் குறுக்குக் கோடு போட்டால் கால் அதைத் தாண்டிப் போகுமாம். அது என்னால் முடியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

படுக்கையறையிலிருந்து குளியலறை வரை மஞ்சள் டேப். பத்துக் கோடு. எழுபது சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை.

பிப்ரவரி 14, புதன்

விழுந்துவிட்டாள். ஏழாவது கோட்டில். முழங்கை வீங்கியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை.

கத்திவிட்டேன். "அதான் கோடு போட்டுக் குடுத்திருக்கேன்ல! தாண்ட என்ன கஷ்டம்?"

தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "யார் காலை வச்சுடா அளந்த?"

என் காலை. அம்மா என் தோள் உயரம்கூட இல்லை. நான் ஒரே எட்டில் வைப்பதை அவள் தாவித்தான் பிடிக்க வேண்டும். படித்த முட்டாள். இத்தனை துல்லியமாக எதை அளந்தேன்?

அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். "விழுந்தது நான். சொல்றதும் நான்தான்." போனைக் கையில் எடுத்துவிட்டாள். அக்கா 25ஆம் தேதி வருகிறாள், பெட்டியோடு.

பிப்ரவரி 15, வியாழன்

டேப்பைக் கிழித்தேன். அம்மாவை நடக்கவிட்டுப் பின்னாலேயே தவழ்ந்து அளந்தேன். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அந்த அளவுக்கே புதுக் கோடு போட்டேன். "சின்ன வயசுல இந்த வேகத்துல நீ தவழ்ந்ததே இல்லடா" என்றாள்.

பிப்ரவரி 17, சனி

வகுப்பு. கால் உறைந்து நிற்பவரிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் — இன்றைய பாடம் அவ்வளவுதான். என் வழக்கம் ஒரே மூச்சில் ஐந்து.

பிப்ரவரி 22, வியாழன்

ஒரு வாரத்தில் இரண்டு முறை உறைந்து நின்றாள். விழவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அக்கா வந்தாள். மதியம் சமையலறை வாசலில் அம்மாவின் கால் நின்றுவிட்டது. அங்கே கோடு கிடையாது. அக்கா பாய்ந்தாள்.

"தொடாதேக்கா."

"விழப்போறாங்கடா!"

அம்மாவிடம் ஒரே சொல்: "நில்லும்மா."

நின்றாள். மூச்சை விட்டாள். வகுப்பில் பழகியபடி உடம்பை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து — நான் என் கை இரண்டையும் பையில் திணித்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வினாடி. வலது காலை உயர்த்தி உள்ளே வைத்தாள்.

"நானா இருந்தா இழுத்திருப்பேன்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

"தெரியும். அதான் வரலைன்னேன்" என்றாள் அம்மா.

அக்கா தனியாகத்தான் திரும்பினாள்.

மார்ச் 2, சனி

கடைசி வகுப்பு முடிந்தது. இனி செய்ய வேண்டியவை:

1. அடுத்த சுற்று வகுப்பில் அக்காவுக்கு ஒரு இடம் கேட்பது. அவளே சொன்னாள்.
2. காலை மாத்திரை ஏழு மணிக்கு. ஏழேகாலுக்கு இல்லை. நான் முன்னதாக எழுந்தாக வேண்டும்.
3. குளியலறைச் சுவரில் கைப்பிடி. அம்மா கைவைத்துக் காட்டும் இடத்தில் மட்டும் துளை போடுவது.
4. திங்கட்கிழமை அம்மா தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகிறாள். நான் பின்னால் போவதில்லை. ஜன்னலிலும் நிற்பதில்லை.