ஜீப்பில் கிடந்த துண்டுகள்

கர்க்கடகம் 14, புதன் இரவு. போனக்காடு.

மேட்டில் மண் விரிசல் விட்டிருக்கிறது. எந்நேரமும் மலையை விட்டு இறங்க வேண்டி வரலாம் என்று வில்லேஜ் ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். தினமும் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் என் ஜீப்பைத்தான் லயத்து வீடுகளில் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். மதியம் டீசல் நிரப்பி, கயிறும் மண்வெட்டியும் ஏற்றினேன். பேட்டரி காலை வாரினாலும் உருட்டிக் கிளப்பலாம் என்று இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் சீட்டெல்லாம் துண்டு. ஒரே இடத்தில் மூன்று. கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மாரியப்பன், "சும்மா ஒரு சமாதானத்துக்காக்கும் அண்ணே" என்றான்.

முன்சீட்டில் கிடந்தது எங்கள் வீட்டுத் துண்டு. டிரைவர் பெண்டாட்டி எதற்கு இடம் பிடிக்க வேண்டும் என்று செல்வியிடம் கேட்டேன்.

"யாரு வந்து கேட்டாலும் ஏறிக்கோன்னுதானே சொல்லுவீங்க? பின்னே நானும் பிள்ளையும் எங்க இருக்கது?"

மற்ற துண்டுகளை மடித்து அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் துண்டு இன்னும் முன்சீட்டில்தான் கிடக்கிறது.