குறுக்குக் கட்டை இல்லாத கதவு

இன்று தபால் பெட்டியில் ஓர் அழைப்பு கிடந்தது. ‘பூர்ணிமாவின் முதல் வருஷத் திதி, சனிக்கிழமை காலை.’ யாரிது என்று ஒரு நிமிடம் விழித்தேன். அடியில் உன் வீட்டுக்காரர் பேரைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் அட்டையைக் கிழிக்கவே போய்விட்டேன். உன் பாஸ்போர்ட்டில், கிரீன் கார்டில், ஆபீசில் உன் மேஜைத் தடுப்பில் இருந்த பேர் வேறு. இது கல்யாணத்தன்று உன் மாமியார் வைத்த பேர். எடிசன் ஸ்டேஷனில் ஏழு வருஷம் உன்னோடு ஆபீசுக்கு ரயில் ஏறிய எனக்கு, செத்தது வேறு யாரோ என்று தோன்றினால் நான் என்னதான் செய்ய?

தொண்ணூற்றெட்டில் ஊருக்குப் போகும்போது, விமானத்தைத் தவறவிட்டு இஸ்தான்புல்லில் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டோமே! ஹாகியா சோபியாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நீதான் இழுத்துப் போனாய். முதலில் தேவாலயம், பிறகு பள்ளிவாசல், நாம் போனபோது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மியூசியம். வாசலில் இரண்டு பேரும் யோசிக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டோம். காவலாளி சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான் மாட்டிக்கொண்டேன். நீயா கேட்பாய்?

“எந்தச் சாமி வீடா இருந்தா என்னட்டி, செருப்போட எப்படிப் போறது?” என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு, சில்லிட்ட கல்லில் வெறுங்காலோடு நடந்தாய். உள்ளே கூரைவரை சாரம் கட்டியிருந்தார்கள். ஆளுயரத்துக்கும் மேலான அரபி எழுத்து வட்டங்கள். அவற்றுக்கு நடுவே, உயரத்தில், தங்கப் பின்னணியில் மாதாவும் குழந்தையும். நீ அங்கெல்லாம் அதிகம் நிற்கவில்லை. ஒரு வெண்கலக் கதவின் முன்னால்தான் நின்றுவிட்டாய்.

அதில் முன்பு சிலுவைகள் இருந்திருக்கின்றன. குறுக்குக் கட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு, நேர்க் கட்டைகளை அப்படியே விட்டிருந்தார்கள். அந்தத் தடத்தை நீ விரலால் தடவினாய்.

“பாத்தியாட்டி, என்னையும் இப்படித்தான் பண்ணிட்டாவ. நான் செத்தா, எனக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு காரியம் நடக்குற எடத்துல கேக்கணும். நீதான் சொல்லணும், என்ன?”

“வாயைக் கழுவுடி. பேசாம வா” என்றேன். ஆனால் சரி என்றும் சொன்னேன்.

போன வருஷம் பனியில் உன் கார் வழுக்கியது. ஃப்யூனரல் ஹோமில் உனக்குக் காரியம் செய்துவைத்த ஐயர், “நாமம் சொல்லுங்கோ” என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் சொன்னது மாமியார் வைத்த பேரை. நான் வாயைத் திறந்தேன். உன் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து, “இப்ப எதுக்குங்கம்மா அதெல்லாம்? நல்லபடியா முடியட்டுங்க” என்றார். விசா கிடைக்காமல் உன் அப்பா தூத்துக்குடியில் உட்கார்ந்திருந்தார். உன் பக்கம் பேச அங்கே என்னை விட்டால் நாதியில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். தூ, என்ன சிநேகிதி நான்!

இன்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நீ கேட்டதைக் கத்தியே சொன்னேன்.

“எங்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லலீங்களே” என்றார். “பூர்ணிமான்னு கூப்பிட்டா சிரிச்சுட்டேதானுங்க வருவா. புடிச்சிருக்குன்னுதான் நெனச்சேன்.” அழுதார்.

சிரித்தாயா? கல்யாணமான பதினோரு வருஷமும் சிரித்தாயா? கேட்டிருந்தால் அந்த மனுஷன் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? கட்டியவனிடம் சொல்லாததை ஏதோ ஊரில் ஒரு கதவடியில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். மாமியார்மீதும் என்மீதும் இருக்கிற கோபத்தைவிட உன்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

“ஐயர்கிட்ட அவளோட ரெண்டு பேரையும் சொல்லச் சொல்லிடறேனுங்க” என்றார் கடைசியாக.

“ஒண்ணு போதும். நான் சொல்றேன்” என்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை உன் மாமியாரும் அங்கே இருப்பார். மறுபடி கையைப் பிடிப்பார். எனக்கு என்னைத் தெரியும், மனசு ஆறிவிட்டால் மரியாதை பார்த்து வாயை மூடிவிடுவேன். அதனால்தான், பிலோமினா, இந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன்.