பின்வாசலில் வந்த கூட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு மனசில்லை. என் நிம்மதியைக் கெடுத்துவிட்டு நீ நன்றாகத்தான் இருப்பாய்.

போன தடவை படகுத்துறைக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தாயே என்று, நம் வீட்டுப் பின்வாசல் வழியாக உன்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். அதை அப்படியே பத்திரிகையில் எழுதிவிட்டாயே, பாவி! கூட்டம் பிடிக்காதவர்கள் நீலக்கதவு வீட்டை ஒட்டி இறங்கினால் ஈ காக்கை இருக்காதாம். இப்போது எங்கள் பின்வாசலில் நிற்பது அத்தனையும் கூட்டம் பிடிக்காதவர்களின் கூட்டம்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றால் இதுதான்.

துவைக்கிற கல்லில் ஒரு ஜோடி உட்கார்ந்து சூரியன் உதிப்பதைப் பார்க்கிறது. அழுக்குத்துணி வாளியோடு நான் காத்து நிற்கிறேன். நேற்று ஒரு அம்மாள், உங்க பாவாடை காயற கொடி போட்டோவுல விழுது, கொஞ்சம் நகர்த்துங்களேன் என்றாள். என் வீட்டில், என்னிடம்! மறுப்பு எழுதச் சொல்லி உனக்குக் கடிதம் போடுவது, பின்பக்க வேலிக்கதவைப் பூட்டுவது என்று முடிவு செய்து பெரிய பூட்டாக வாங்கி வந்தேன்.

உன் அத்தான் விஷயம் உனக்குத் தெரியும். சுற்றுலாப் படகில் மைக் பிடித்து ஊரையே சிரிக்க வைத்த மனுஷன், பக்கவாதம் வந்து நாக்கு குழறியதிலிருந்து வாயே திறப்பதில்லை. பேசப் பேசத்தான் சரியாகும் என்கிறார் டாக்டர். இவரோ தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். ம்ஹூம்.

இன்று காலை பூட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனால், இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தொப்பி போட்ட இரண்டு பேர். இவர் பேசிக்கொண்டிருக்கிறார், தம்பி! குழறலாகத்தான், ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளித்தான். ஆனாலும் அந்தப் பழைய ஜோக்கைக்கூட விடவில்லை. இந்த ஏரியில் இருந்த ஒரே முதலையும் கூட்டம் தாங்காமல் ஊரைக் காலி செய்துவிட்டதாம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் இவர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! சோறு ஊட்டுகிற எனக்கு டம்ளர் சத்தம், வழிப்போக்கனுக்கு முதலைக் கதையா? அடுப்படியில் வந்து பாத்திரங்களை உருட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. இவர் முன்னே எப்படிப் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதனால் மறுப்பு எழுதாதே. பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் துவைக்கிற கல்லில் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு வரி போடு, மானம் போகிறது.

நீ வரும்போது முன்வாசலில் வந்து அத்தான் என்று கூப்பிடாதே. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வா. எதிர்க்கரைக் குன்றுக்கு என்ன பெயர் என்று கேள்.

கோபம் கோபம்தான், இருந்தாலும் நீ நூறு வயசு நல்லபடி இருக்கணும். வரும்போது எனக்கும் ஒரு தொப்பி வாங்கி வா.

இப்படிக்கு,
உன் அக்கா