ஆய்வுக்கூடத்துக்குள் உடைத்த பூசணி

திங்கள். விடிந்ததிலிருந்து மழை.

உலகத் தமிழர் அனைவருக்கும் பணிவன்புடன் அறிவிப்பது: எனக்கு ஹெல்மெட் கிடைத்துவிட்டது. மஞ்சள். உள்ளே யாருடைய தலை வாசனையோ.

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து சும்மா கிடந்தவனை, அம்மாவின் தம்பி செல்வம் மாமா லூனாஸ் பக்கம் தரை போடும் வேலைக்கு இழுத்துப் போனார். புதுக் கட்டடம். கீழே மருத்துவ ஆய்வுக்கூடம், மேலே ஆபீஸ். டிங்கிக் காய்ச்சலுக்கு மருந்து தேடப்போகிறார்களாம். போன வருடம் தங்கச்சி டிங்கியில் படுத்தது ஞாபகம் வந்தது. கிண்டல் கொஞ்சம் குறைந்தது.

சிமெண்ட் மேல் பசை மாதிரி ஒன்றை ஊற்றுவார்கள். காய்ந்தால் கண்ணாடி. கிருமி ஒளிய ஒரு கோடுகூட இருக்காது. சுவர் சேருமிடமும் வளைவு. மூலையே இல்லாத அறை! என்னை மூலையில் நிறுத்திய டீச்சர்கள் இங்கே வந்தால் திண்டாட்டம்.

செவ்வாய். மழை விட்டது. நான் விடவில்லை.

ஊற்றும் முன் பூசணி உடைத்துத் திருஷ்டி கழிப்பது மாமா வழக்கம். "கேட்டுக்கு வெளிய போய் உடைடா." வெளியே சேறு. திருஷ்டி ஆய்வுக்கூடத்துக்குத்தானே? உள்ளே, நட்டநடுவில் ஓங்கிப் போட்டேன். நீர்ப்பூசணி. பேரிலேயே நீர். குங்குமத்தோடு வெறும் சிமெண்டுக்குள் இறங்கிவிட்டது.

எல்லாரும் புவான் என்று கூப்பிடும் இன்ஜினியர் அம்மா ஈரம் பார்க்கும் கருவியை வைத்தார். கத்தியது. "பாசா லா, செல்வம்! பாசா!" பாசா என்றால் ஈரம். ஈரத்தில் ஊற்றினால் கொப்புளம் கிளம்புமாம். வியாழனுக்குள் காயாவிட்டால் வேறு ஆள். மேல்மாடி வேலையும் மாமாவுக்கு இல்லை.

யார் செய்தது என்று கேட்டார். மாமா என் பக்கமே திரும்பவில்லை. தன் பொறுப்பு என்று மலாயில் சொல்லிவிட்டார்.

பசை கலக்கும் கலா அக்கா: "டேய், திருஷ்டிய கழிக்கச் சொன்னா மாமாவையே கழிச்சிடுவ போலலா!"

புதன். நல்ல வெயில். சூரியனுக்கு நன்றி.

மேல் சிமெண்டைச் சுரண்டினோம். மெஷின் போட்டுத் தேய்த்தோம். பெரிய ஃபேன் வைத்தோம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கலா அக்கா தன் நாசி லெமாக் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

நண்பன் யுகனுக்கு மெசேஜ்: "லேப் தரை முழுக்க அண்ணன் கைவண்ணம்."

வியாழன். மேகம். 

கருவி வாயே திறக்கவில்லை! மாமா ஊற்றினார். பால் மாதிரி தானாகப் பரவியது. மேல்மாடியும் நமக்கே.

வண்டியில் மாமா: "நாளைக்கும் வர்றியாடா?"

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பூசணி வாங்கிட்டு வரவா மாமா?" என்று வந்துவிட்டது.

"நீ மட்டும் வா. போதும்லா."

வீட்டு வாசலில் அம்மா, பக்கத்து வீட்டு அக்காவிடம்: "முழுக்க என் மகன்தான் காய வெச்சானாம்!"

அப்படிச் சொன்னது நான்தான்.

இந்த டைரியில் மட்டும் உண்மை: சுரண்டியது மாமா. தேய்த்தது கலா அக்கா. என் வேலை, ஃபேன் தரையைப் பார்த்து ஓடுகிறதா என்று கவனிப்பது. நாசி லெமாக் உள்ளே போனதும் ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டேன். விழித்தபோது ஃபேன் மறுபடி தரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. என் தலைக்குக் கீழே, மடித்து வைத்த கலா அக்காவின் சேஃப்டி வெஸ்ட்.