ஆட்சேபணை ஏதும் வரவில்லை

3-2-1981

காலை ஐந்து நாற்பது பஸ்ஸுக்கு நாற்பத்தொரு பேர். முப்பத்தெட்டுப் படிவம் நிரப்பினேன். மூன்று பேர் பிடிகொடுக்கவில்லை.

மண்டலப் போக்குவரத்துத் திட்டத்துக்காகப் பயணிகளைக் கணக்கெடுக்கிற தற்காலிக வேலை. டிப்ளமா சிவில் முடித்துவிட்டு எட்டு மாதம் வீட்டில் கிடந்ததற்கு இது தேவலை. முதல் நிறுத்தமே சொந்த ஊராக அமைந்ததுதான் தலைவலி.

படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எங்கே செல்கிறீர்கள்? அதைக் கேட்டால் போதும், முகம் சுருங்கிவிடுகிறது. கிளம்புகிறவனிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். ‘இந்தா, இங்கனதான்.’ ‘ஒரு சோலியா.’ அதற்கு மேல் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பேயாண்டி மாமா கக்கத்தில் வக்கீல் கட்டு. அவர் வாய்க்கால் வழக்குக்கு வாய்தா என்று ஊருக்கே தெரியும். அவரும் ‘இங்கனதான்’.

“ஏன் மாப்ள, படிச்சும் கூறு இல்லையே. தூரமான்னு கேக்கணும்டா.”

“படிவத்துல அப்படி இல்ல மாமா.”

“அப்ப படிவத்துக்கிட்டயே கேட்டுக்க.”

அக்காவையும் கேட்டேன். வேலைக்குப் போகிற மற்ற பெண்களைச் சிரிக்கவைக்க, “ரோட்டுக்கு அங்கிட்டு” என்றாள் அன்னக்கொடி. கப்பலூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறாள், ஏழு மணி ஷிப்டு. எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் ஒழுங்காகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘உள்ளூர், ஐந்து கி.மீ.க்குள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இங்கன என்றவர்கள் எல்லாருக்கும் அதே கட்டம். சொன்னதைத்தான் எழுத முடியும். நான் ஜோசியக்காரன் இல்லை.

9-2-1981

ஐந்து ஊரும் முடிந்தது. 274 படிவம். எல்லா ஊரிலும் அதே பாட்டு, அதே கட்டம்.

பசுபதி சார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “ஒரு கட்டம்கூடக் காலியா விடலையே. எழுத்தும் முத்து முத்தா இருக்கு” என்றார். உதவிப் பொறியாளர். அந்த ஆபீசில் என்னை உட்காரச் சொல்கிற ஒரே ஆள். காப்பி வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.

14-3-1981

பேப்பரில் அறிவிப்பு. வரைவுத் திட்டம் தயார், பொதுமக்கள் முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம், ஜூனில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆபீசில் பிரதி வைத்திருந்தார்கள். அறுபத்திரண்டாம் பக்கம்.

எங்கள் ஐந்து ஊருக்கும் வெளிப் பயணத் தேவை குறைவாம். 71 சதவீதம் உள்ளூர்ப் பயணமாம். அதனால் வண்டி இனி ஊருக்குள் வராது. மெயின் ரோட்டில் நேராகப் போகும். ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் மட்டும் நிற்கும்.

விலக்கு எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். இருபுறமும் கருவேலம், ஒரு விளக்குக் கிடையாது.

15-3-1981

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 71 சரி. கணக்கில் தப்பில்லை.

அக்கா எப்படிப் போவாள்?

16-3-1981

பசுபதி சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, நான்தான் கட்டத்தை நிரப்பினேன் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“எங்காத்துலயும் கேக்கப்படாதுப்பா. கிளம்பறச்சே யாராவது எங்கேன்னு கேட்டுட்டா, அம்மா உக்காரவெச்சுத் தண்ணி குடுத்துட்டுத்தான் அனுப்புவா. இது எனக்கே தோணலை பாரு.”

இறங்குகிறவர்களைக் கேட்டு மறுபடியும் எண்ணச் சொன்னார். புதுக் கணக்கை அவரே திருத்தக் குறிப்பாகச் சேர்த்துவிடுவாராம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: ஊரிலிருந்து மனு கினு வரக்கூடாது. மனு வந்தால் கோப்பு மேலே போய்விடும், அரசியல் ஆகிவிடும், அப்புறம் எண்களை யாரும் பார்க்கமாட்டார்கள். “நீ எண்ணைக் குடு. மாத்தறது என் பொறுப்பு.”

இப்படி நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும்.

20-3-1981

பேயாண்டி மாமா அதற்குள் மனு தயார் பண்ணிவிட்டார். ஐந்து ஊர், 412 பேர். பாதி கைநாட்டு. கூட்டத்துக்கு லாரி பேசியிருக்கிறாராம்.

வேண்டாம் என்றேன். தப்பு எண்ணில் இருக்கிறது, எண்ணைத் திருத்தினால் முடிந்தது, கூச்சல் எதற்கு? அரை மணி நேரம் விளக்கினேன். மாமா மனுவை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். “நீ படிச்சவன். நீ சொன்னாச் சரி மாப்ள.”

அக்காதான் கேட்கவில்லை. “மனுவும் குடுங்க, எண்ணவும் எண்ணுங்க. ரெண்டையும் குடுத்தா யாரு கையி வலிக்கப்போகுது?”

“ஒனக்குக் காயில் தெரியும். இது வேற” என்றேன்.



26-3-1981

திரும்பி வருகிறவர்களைக் கேட்டால் வாயை மூடவைக்க முடியவில்லை. ‘எங்கிட்டுப் போய்ட்டு வாரீக?’ அவ்வளவுதான். இருளாயி என்ற அம்மாள் பெரியாஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம் ஆனது, பிள்ளைக்கு மஞ்சள் கண்டிருப்பது, நர்ஸ் மூஞ்சியைக் காட்டியது வரை சொன்னாள். ஒரு படிவத்துக்குக் கால்மணி நேரம்.

6-4-1981

306 படிவம். உள்ளூர் 8 சதவீதம். மீதி கப்பலூர், திருமங்கலம், மதுரை. எட்டுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவே இருப்பது முழுக்க என் திமிர். அதை எங்கே எழுதுவது? இங்கேதான்.

பசுபதி சார் படிவக் கட்டை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். ரசீது கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்.

13-4-1981

கடைசி நாள். நாளை வருஷப்பிறப்பு என்பதால் ஆபீஸ் மதியமே காலி. மாமா பையோடு டவுனுக்கே வந்துவிட்டார். “குடுக்கவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு.”

வேண்டாம் என்றேன்.

11-6-1981

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மேடையில் நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, அதுவும் மேடையைப் பார்த்து. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து நானும் மாமாவும் மட்டும். மற்றவர்களை நான்தான் வரவேண்டாம் என்றேனே.

வாடிப்பட்டிப் பக்கத்து ஆட்கள் இரண்டு லாரியில் வந்திருந்தார்கள். ஒரே கூச்சல். ஒரு பெண் மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அரை மணி நேரத்தில் அவர்கள் நிறுத்தத்தைக் கூட்டத் தலைவர் பென்சிலால் திரும்பச் சேர்த்தார். எந்த எண்ணையும் பார்க்கவில்லை. பென்சில், அவ்வளவுதான்.

எங்கள் வழித்தடம் வந்தது. பசுபதி சார் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “மேற்படி ஐந்து கிராமங்களிலிருந்து குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை ஏதும் வரவில்லை. கணக்கெடுப்பை அந்தப் பகுதியைச் சேர்ந்த வெள்ளைத்துரை என்பவரே நடத்தியுள்ளார்.”

திருத்தக் குறிப்பு வரும் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த தாளைத் திருப்பினார்.

எழுந்தேன். இரண்டாவது கணக்கு இருக்கிறது, இவரிடம்தான் கொடுத்தேன் என்றேன். தலைவர் பசுபதி சாரைப் பார்த்தார். அவர், “கோப்பில் அப்படி ஒன்றும் இல்லை” என்றார். குரல்கூட மாறவில்லை. காப்பி ஊற்றும்போது இருந்த அதே குரல்.

தலைவர் பிப்ரவரிப் படிவம் ஒன்றை உயர்த்திக் காட்டினார். “வெள்ளைத்துரை நீர்தானே? இது உம்ம கையெழுத்துதானே?”

“ஆமா.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் என்ன. எல்லாரையும் எடுத்தெறிந்து பேசுகிற வாய்தானே, எங்கே போய்த் தொலைந்தது? மாமா மஞ்சள் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். காலம் கடந்துவிட்டது என்று ஒரு குமாஸ்தா தொடாமலே சொன்னார்.

திரும்புகிற வண்டியில் மாமாதான் பேசினார். “நீ வித்துட்டேன்னு நான் சொல்ல மாட்டேன் மாப்ள. ஏமாந்துட்ட. ஆனா நம்ம ஊர்ல போயி ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லி முடியாது.”

12-6-1981

காலையிலேயே பசுபதியிடம் போய்க் கேட்டேன். சார் என்றுகூடக் கூப்பிடவில்லை. என் கட்டு எங்கே?

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிப்ரவரிக்கு முன்னாலேயே வழித்தடம் முடிவாகிவிட்டதாம். வண்டிகள் போதவில்லை, மெயின் ரோட்டுக்கு வேண்டும். எங்காவது குறைத்துத்தான் ஆக வேண்டும். “மேலே இருக்கறவா, சத்தம் போடாத இடமா பாத்துக் கொறைக்கச் சொன்னா. நான் என்ன பண்ணட்டும்?”

“சத்தம் போட விடாமப் பண்ணுனது நீங்கதானே?”

மேஜைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார். “உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதியிருக்கேன். உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்” என்றார். நிஜமாகவே அப்படி நம்புகிறார். அதுதான் பொறுக்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

இழுப்பறையைத் திறந்தேன். வெறும் பென்சில் சீவல்.

என்னைய வெச்சுல்ல ஊரை அடிச்சிருக்கான். என் கையாலயே.

14-6-1981

அக்காவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். “ஒன்னையும் சேத்துத்தான்டா நான் எண்ணிவெச்சிருந்தேன், நம்ம பக்கம்னு” என்றாள். அப்புறம் எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

3-8-1981

வண்டி வரவில்லை. வராது என்று தெரிந்தும் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் ஆறு மணி வரை நின்றார்கள்.

5-8-1981

அக்காவும் ஐந்து பெண்களும் நாலரைக்கே டார்ச்சோடு கிளம்புகிறார்கள். விலக்கு வரை நானும் போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. வண்டி உசிலம்பட்டியிலிருந்தே பிதுங்கிக்கொண்டு வந்தது, நிற்கவில்லை. டிரைவர் ஒரு விரலைப் பின்னால் காட்டினார். பின்னால் வந்ததும் நிற்கவில்லை.

14-8-1981

அக்காவுக்கு இது மூன்றாவது தாமதம். கம்பெனி கேட்டை மூடிவிட்டார்களாம். நடந்தே திரும்பி வந்தாள்.

அய்யா, “போதும், நான் பெத்த பொம்பளப்பிள்ள இருட்டுல நடக்க வேணாம்” என்றார். அவள் ராத்திரி முழுக்க அவரோடு சண்டை போட்டாள் — இல்லை, அப்படி எழுதத் தோன்றுகிறது. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். “டவுன்ல எங்கூட வேலை பாக்குற பிள்ளைக ரூமு எடுத்துருக்குதுக, நானும் இருக்கவா?” அய்யா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அதுதான் பதில்.

நான் அங்கேதான் இருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

18-8-1981

தபாலில் ஆணை வந்திருக்கிறது. நிரந்தரம். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். அவன் போட்ட பிச்சை எனக்கு எதற்கு?

22-8-1981

இன்னும் எழுதவில்லை.

“வேலைய விட்டா பஸ்ஸு வந்துருமா?” என்கிறார் அய்யா. மாமாவும் அதையேதான் சொல்கிறார்: “நீயாச்சும் உள்ள இரு.” உள்ளே இருந்துதானே இத்தனையும் செய்தேன்.

29-8-1981

ஊரிலிருந்து கிளம்பினால் ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அய்யா தாமாகவே மதுரை வில்லாபுரத்தில் தெரிந்தவர் மூலம் எனக்கு ஓர் அறை பார்த்துவிட்டார். “பஸ்ஸு இல்லாத ஊர்ல இருந்து எப்படிடா போவ? அங்கனயே தங்கிக்க.”

இரண்டு வாரமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற அக்காதான் பெட்டி கட்டினாள். சட்டைகளை மடித்துக்கொண்டே, “வில்லாபுரத்துல இருந்து கப்பலூரு எம்புட்டுத் தூரம்டா?” என்று கேட்டாள்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்றேன். நேர் பஸ் இருக்கிறது என்றும் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் சரியாகப் பதில் சொல்கிற புத்தி.

தலையாட்டினாள். மேலே இருந்த சட்டையின் காலரை ஒரு தடவை நீவிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

1-9-1981

இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன். பசுபதி சார் எழுந்து வந்து கை நீட்டினார். கொடுத்தேன்.

அறை வசதியாக இருக்கிறது. தெருமுனையில் பஸ் ஸ்டாப். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி.